கடைக்குச் சாவி இரண்டு

என் புத்தகங்களிலேயே குறைவாக விற்றது ஒரு காதல் நாவல். ஸ்காட்லாந்தில் கடலோரமாக ஒரு சின்ன ஊர், அங்கே மூடிக் கிடக்கும் ஒரு பழைய புத்தகக் கடை, அதை எடுத்து நடத்த பெங்களூரிலிருந்து போகிற ஒரு பெண், ஒத்தாசைக்கு வந்து உபத்திரவமாக மாறுகிற ஒரு ஆண். மழை, டீ, சண்டை, சமாதானம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்து, சிரித்து, திங்கட்கிழமை மறந்துவிடலாம். நான் ஸ்காட்லாந்தைப் பார்த்தவள் இல்லை. என் பாஸ்போர்ட்டில் இன்றுவரை ஒரு முத்திரை கிடையாது.

அந்த நாவலை நான் எழுதியது ஒரே ஒரு ஆளிடம் ஒரு கேள்வி கேட்பதற்காக. கேள்வி கடைசிப் பக்கத்தில் இருந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்கள். நான் பூமியையே சுற்றித் தொடப் பார்த்தேன். நேராகக் கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்போது வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. செல்போன் ஆப்களில் 'உங்கள் கடவுச்சொல் தவறானது', 'மீண்டும் முயலவும்' என்றெல்லாம் தமிழில் வருமே, அதை எழுதுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. வேலூரிலிருந்து வந்து விவேக் நகரில் ஒரு கிறிஸ்தவ ஆன்ட்டியின் வீட்டில் பேயிங் கெஸ்டாகத் தங்கியிருந்தேன். நான் கேள்வி கேட்க நினைத்த அந்த ஆள் அதே ஆபீசில் டெஸ்டிங்கில் இருந்தார். நாங்கள் எழுதுவதெல்லாம் அவருடைய மேஜைக்குப் போய், அவர் சரி என்ற பிறகுதான் வெளியே போகும். தமிழ், மலையாளம், பெங்காலி எல்லாமே அவர் மேஜைக்குத்தான். வாரத்தில் பாதி நாள் என் இடத்துக்கு வந்து நிற்பார்.

"மேடம், உங்க தமிழ் பட்டனுக்கு வெளிய வழியுது. கொஞ்சம் சுருக்குங்க."

"தமிழ் பெரிய மொழிங்க. பட்டனைப் பெருசாக்கச் சொல்லுங்க."

"நான் சொல்லிடுவேன். ஃபோனைப் பெருசாக்க முடியாதே!"

அவர் விவேக் நகரிலேயே பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்திலேயே குடும்பம் பெங்களூருக்கு வந்துவிட்டது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீசில் இங்கிலீஷ். மூன்றிலும் கிண்டல் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஞாயிறு பூசையில் தமிழ்ப் பாட்டுகளை அவர் புத்தகம் பார்க்காமல் பாடுவதை ஆன்ட்டியோடு போனபோது கேட்டிருக்கிறேன். எவ்வளவு ஞாபகசக்தி என்று வியந்தேன். எனக்கு எதையும் இரண்டாவது தடவை யோசிக்கும் பழக்கம் கிடையாது.

இருவரும் ஒரே ஆபீஸ் வண்டியில்தான் போவோம். மாரத்தஹள்ளி பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டால் ஒரு கல்யாணத்தையே பேசி முடித்துவிடலாம், அப்படி ஒரு நெரிசல். மற்றவர்கள் காதில் எதையாவது செருகிக்கொண்டு தூங்குவார்கள். ஒரு நாள் அவர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஸ்காட்லாந்தில் இருக்கும் அவருடைய சித்தி மகள் அனுப்பியது. நீலக் கதவு, கண்ணாடிக்குப் பின்னால் காலி அலமாரிகள், வாடகைக்கு விடப்படும் என்று ஒரு அட்டை.

"பழைய புக்கு கடையாம். ஓனர் வயசாகி மூடிட்டாராம். நாம எடுத்துடலாமா மேடம்?"

"எடுத்துடலாம். கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கணும்."

"நீலம் நல்லாத்தானே இருக்கு?"

அன்றைக்கு ஆரம்பித்த விளையாட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. காலையில் வண்டியில் ஏறினால் கடையைத் திறப்போம், சாயங்காலம் இறங்கும்போது பூட்டுவோம். இந்த மாதிரிக் கதைகளில் எல்லாம் கடையில் ஒரு பூனை இருக்கும், நம் கடையில் பூனை கூடாது என்று அவர் கட்டளை போட்டார். பூனைக்குப் பதிலாகக் காரப்பொரி. வெளியே மழை, உள்ளே புத்தகம், கையில் காரப்பொரி. அந்தக் கையோடு புத்தகத்தைத் தொட்டால் அபராதம் என்பது நான் போட்ட சட்டம். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவர்களை வெளியே மழையில் தள்ளுவது இன்னொரு சட்டம், அதுவும் நான் போட்டதுதான். தினமும் மழைக்கு ஒதுங்கி, ஒன்றும் வாங்காமல், குளிரைத் திட்டிக்கொண்டு போகும் ஒரு கிழவர் எங்கள் வாடிக்கையாளர். அவருடைய குரலை இவர் எடுத்துவிட்டால் தூங்குகிறவர்கள்கூட எழுந்து சிரிப்பார்கள்.

அலமாரிகளைப் பங்கு போட்டபோது அவர் சொன்னார்: "இங்கிலீஷும் கன்னடமும் என் பொறுப்பு. தமிழ் ஷெல்ஃப் உங்களுது. எனக்கு அதுல ஒரு எழுத்து தெரியாது. நான் தூசி மட்டும் தட்டறேன்."

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். என் தமிழைத் தினமும் திருத்த வைக்கிற மனுஷன் எழுத்து தெரியாது என்கிறாரே என்று. அவரும் கூடவே சிரித்தார். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார் என்று இப்போது தோன்றுகிறது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

எப்போது விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியாது. அவர் லீவு போட்ட ஒரு நாள் வண்டியில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, கடையைத் திறக்கவே மனசு வரவில்லை. அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் மனசில் என்ன இருந்ததோ! கடை விஷயம் தவிர வேறு எதையும் அவர் பேசியதில்லை. ஒரு தடவை மழையில் வண்டி நின்றுவிட, நாங்கள் இறங்கி நடந்தபோது, தன் குடையை முழுக்க என் பக்கம் சாய்த்துவிட்டு நனைந்துகொண்டே வந்தார். அதை வைத்து ஒரு பெண் எவ்வளவு தூரம் போக முடியும்? நான் ஒரு நாவல் தூரம் போனேன்.

ஆன்ட்டி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், ஆன்ட்டி பக்கத்தில் பூண்டு உரிக்க, எழுதினேன். எங்கள் கடை அப்படியே இருந்தது. காரப்பொரி, கிழவர், சட்டங்கள், பச்சையா நீலமா சண்டை. தூசி வசனத்தைக்கூடக் கதாநாயகன் வாயில் வைத்தேன். கடைசி அத்தியாயத்தில் முதல் நாள் வியாபாரம் முடிகிறது. கதவைப் பூட்டிவிட்டு அவள் அவனிடம், கடைக்குச் சாவி இரண்டு இருக்கிறது, ஒன்றை நீ வைத்துக்கொள்கிறாயா என்று கேட்கிறாள். அங்கே நாவல் முடிகிறது. அவன் என்ன சொன்னான் என்று நான் எழுதவில்லை. அதை எழுத வேண்டியவர் வேறு ஆள் அல்லவா.

சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. முதல் பிரதிகள் வந்த அன்று ஒன்றை எடுத்துப்போய் வண்டியில் அவர் மடியில் வைத்தேன். கையெழுத்துப் போடவில்லை.

"கையெழுத்து?" என்றார்.

"முழுசாப் படிங்க. கடைசிப் பக்கம் முடிச்சிட்டு வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் போடறேன்."

என் முகம் சிவந்திருக்க வேண்டும். அவர் புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அட்டையில் நீலக் கதவு இருந்தது. அவர் விருப்பப்படி நீலமாகவே விட்டிருந்தேன். "நம்ம கடை," என்றார் மெதுவாக. அந்த இரண்டு வார்த்தையில் எனக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் முழுக்க நான் ஆபீசில் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை. 'மீண்டும் முயலவும்' என்று வர வேண்டிய இடத்தில் 'காத்திருக்கவும்' என்று எழுதிவைத்தேன். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பட்டனுக்குள் அடங்கிவிட்டதே.

பிறகு ஒரு காலையில் நானே கேட்டேன். "படிச்சீங்களா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நல்லாருந்துச்சு மேடம். ரொம்ப நல்லாருந்துச்சு. அட்டை சூப்பர்."

"கடைசிப் பக்கம்?"

"அதுவும்தான். நல்லாருந்துச்சு." பார்வையைத் திருப்பாமலே, "அடுத்த புக் எப்போ?" என்றார்.

அட்டையாம் அட்டை! உயிரைக் கொடுத்து ஒரு கேள்வி கேட்டால் அட்டைக்கு மார்க் போடுகிறார். மௌனம் சம்மதம் என்பார்கள். பாராட்டு என்றால் மறுப்பு என்று நானே ஒரு பழமொழி உண்டாக்கிக்கொண்டேன். மனசு புண்படாமல் வேண்டாம் என்று சொல்ல இதைவிட நாகரிகமான வழி இல்லை என்று நினைத்தேன். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, முதுகுதான் வரும். மறுநாள் வண்டியில் முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். அவர் பின்னாலிருந்து, "மேடம், கடைய இன்னிக்கு யார் திறக்கறது?" என்றார். தலைவலி என்றேன். இரண்டு நாள் கேட்டார். அப்புறம் கேட்கவில்லை.

அந்த வருஷமே வேலூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. சரி என்றேன். கல்யாணத்துக்கு அவர் வந்திருந்தார். மேடையேறிக் கை குலுக்கி, "சாப்பாடு ரொம்ப நல்லாருந்துச்சு மேடம்," என்றார். நாவலுக்குச் சொன்ன அதே தொனி. பட்டுப்புடவையோடு எனக்கு அவரை நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

என் கணவர் நல்லவர். வைட்ஃபீல்டில் காவலாளி வைத்த அடுக்குமாடியில் வீடு. ஒரு மகள். எதற்கும் குறையில்லை. ஆனாலும் ஆபீஸ் வண்டி ஒன்று பாலத்தடியில் நிற்பதைப் பார்த்தால் மனசு கனத்துவிடும். அவர் வேறு கம்பெனிக்குப் போனதாகவும், மங்களூர்ப் பக்கம் பெண் எடுத்ததாகவும் கேள்விப்பட்டேன். நல்லது என்று நினைத்துக்கொண்டேன். முழு மனசோடு நினைத்தேன் என்று சொல்ல முடியாது.

போன வருஷம் அல்சூரிலிருந்து அழைப்பு வந்தது. ஏரிக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்கிறார்கள். பெங்களூரிலேயே பிறந்து, தமிழ் பேசி, ஆனால் பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும் மட்டும் படித்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. வகுப்பு முடிகிற நாளில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் எல்லார் முன்னாலும் வாசிப்பது அங்கே வழக்கம். அதற்கு ஒரு எழுத்தாளரைக் கூப்பிடுவார்கள். இந்தத் தடவை நான்.

மெட்ரோவில் போனேன். மேடையில் ஒரு நாற்காலி, ஒரு சால்வை, ஒரு தண்ணீர் பாட்டில். ஒரு நர்ஸ் வாசித்தார். தமிழ் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு கன்னடப் பெண் வாசித்தார். ஒவ்வொருவருக்கும் கைதட்டல். கடைசி பெஞ்சிலிருந்து நரைத்த தலையோடு ஒருவர் எழுந்து வந்தார். அவர் கையில் நீலக் கதவு இருந்தது.

முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது, என் புத்தகத்தை யாரோ கொண்டுவந்திருக்கிறார்களே என்று. பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். பார்த்த பிறகும் புத்திக்கு எட்டவில்லை. இவர் இங்கே என்ன செய்கிறார், பாடம் நடத்த வந்தாரா என்றுதான் ஓடியது.

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். விரலை வைத்து வாசித்தார்.

"மழை... விட்... விட்டிருந்தது. அவள் க-த-வைப் பூட்டி... பூட்டிவிட்டுத் திரும்பினாள்."

என் வாக்கியங்கள்தான். ஒவ்வொரு எழுத்தாக, கல்லும் முள்ளுமான பாதையில் செருப்பில்லாமல் நடக்கிறவர் போல அவர் போனார். எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. எழுத்து தெரியாது என்றது. பாட்டுப் புத்தகம் இல்லாத பூசை. பட்டனுக்கு வெளியே வழிகிறதா என்று மட்டும் பார்க்கிற வேலை. அவர் பெங்காலியையும் அப்படித்தானே பார்த்தார்! பெங்காலி தெரிந்தா பார்த்தார்?

"'கடைக்குச் சாவி இ-ரண்டு இருக்கிறது. ஒன்றை நீ வை... வைத்துக்... கொள்கிறாயா?' என்றாள்."

வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினார். கைதட்டினார்கள். ஆசிரியர், "பேஷ்! அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"அவ்ளோதான் சார். புக்கு முடிஞ்சிடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "என்ன மேடம், இப்படிப் பாதியில விட்டுட்டீங்க? அவன் என்னதான் சொன்னான்?"

"அவரே சொல்லட்டும்னு விட்டேன்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மைக் இருந்ததால் மற்றவர்களுக்குக் கேட்டது.

நிகழ்ச்சி முடிந்து வெளியே மரத்தடியில் காப்பி கொடுத்தார்கள். அவர் வந்தார். முதலில் வீடு, மகள், வேலை என்று விசாரித்தார். நானும் விசாரித்தேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்றார்.

"படிக்கத் தெரியாதுன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அழுகை வரும்போது எனக்குக் கோபக் குரல்தான் வரும்.

"சொன்னேனே மேடம். நீங்க சிரிச்சீங்க. புக்குலயே போட்டிருக்கீங்க. அந்தப் பக்கத்துக்கு வந்தப்ப எனக்கே சிரிப்பு வந்துடுச்சு."

"வேற யார்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாமே?"

"நம்ம கடைய இன்னொருத்தர் திறந்து காட்டறதா? மனசு வரல." காப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தமிழ் எழுதற ஆளு நீங்க. உங்க முன்னாடி எழுத்து தெரியாம நிக்க வெக்கமா இருந்துச்சு. கத்துக்கிட்டு, படிச்சிட்டு, அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க முன் சீட்டுக்குப் போயிட்டீங்க. அப்புறம் கல்யாணப் பத்திரிகை. சும்னே, சும்மா ஷெல்ஃப்ல இருந்துச்சு. சொன்ன மாதிரி தூசி மட்டும் தட்டிட்டிருந்தேன்."

"இப்ப எதுக்கு கத்துக்கிட்டீங்க?"

"வீட்ல இருக்கற ஒரே தமிழ் புக்கு. முடிக்காமப் போயிடுவேனோன்னு பேஜாரா இருந்துச்சு."

"கடைசிப் பக்கத்தை மட்டும் அன்னிக்கே யாரையாவது..." என்று ஆரம்பித்தேன்.

"கடைசிப் பக்கத்தை முன்னாடி பாத்தா மழையில தள்ளிடுவீங்களே. மொதல் பக்கத்துலேர்ந்துதான் வந்தேன். கொஞ்சம் டைம் ஆயிடுச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் பழைய சிரிப்பேதான். நர்ஸ் வந்து என்னோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்.

"அன்னிக்கே படிக்கத் தெரிஞ்சிருந்தா சாவிய வாங்கிட்டிருப்பேன் மேடம்," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், பட்டன் வழிகிறது என்று சொல்கிற மாதிரி. "இப்ப சொல்றதுல ஒண்ணுமில்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருந்தீங்க. அதான்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எத்தனை பேரைக் கேலி செய்திருக்கிறேன். எனக்கு வருத்தமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. என் கணவரையோ அவர் மனைவியையோ குறைத்துச் சொல்வதற்கில்லை. வேண்டாம் என்று ஒருவர் சொல்லி அது நடக்காமல் போயிருந்தால் ஆறியிருக்கும். யாருமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்தனை வருஷம் நான் சுமந்த அந்த மறுப்பை, சொல்லாத ஒரு மனிதர் மேல் போட்டு அவரோடு கோபித்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்து மூன்று வார்த்தை கேட்டிருந்தால் அவருக்குப் புரியும் தமிழாக இருந்திருக்கும்.

அவர் புத்தகத்தையும் பேனாவையும் நீட்டினார். "சொல்லிட்டேன். கையெழுத்து போடுங்க."

முதல் பக்கம் அன்று விட்டபடியே வெறுமையாக இருந்தது. ஓரங்கள் மட்டும் பழுத்திருந்தன. பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுத நினைத்தவை எல்லாம் எழுதக் கூடாதவை. வீட்டுக்குக் கொண்டுபோகிற புத்தகம். அவர் மனைவி திறப்பார், பிள்ளைகள் திறப்பார்கள். எல்லாருக்கும் எழுதுவதையே எழுதி, கீழே என் பெயரைப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் வாங்கி, விரலை வைத்தார். உதடு அசைந்தது.

"அ... ன்... பு... டன்." நிமிர்ந்து பார்த்தார். "அன்புடன். சரியா மேடம்?"

"சரி," என்றேன்.